நாலு மணிக்கு வரும் நாய்ப் படம்

பிள்ளை,

போன ஞாயிற்றுக்கிழமை அஜக்ஸில், நிரோஷன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ ஒரு பகிடி விட்டாய். உன் மாமியாராக வரப்போகிறவர் உனக்கு இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொண்டே, "அம்மா வேலைக்குப் போனா, சின்னனில உம்மை ஆர் பார்த்தது?" என்று கேட்டார். நீ வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "என்னை வளர்த்தது ஒரு நாய், அன்ரி" என்றாய். மேசை முழுவதும் சிரித்தது. பிறகு நீ ஆங்கிலத்தில் விளக்கினாய்: பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரிவியில் ஒரு நாய்த் தொடர் போகும், அந்த நாய் பழைய பெரிய கதைகளுக்குள் புகுந்து தானே கதாநாயகனாகிவிடும், அதோடுதான் நீ வளர்ந்தாய். நிரோஷனுக்கும் அந்தத் தொடர் நினைவிருந்தது. நீங்கள் இருவரும் அதன் ஆரம்பப் பாட்டை மேசையில் தட்டிப் பாடினீர்கள். உன் அப்பாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீயும் நானும் மட்டும் இங்கே இருந்த அந்த முதல் இரண்டு வருடமும் அவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தவர். அவருக்கு அது வெறும் பகிடிதான்.

நான் சிரிக்கவில்லை. நீ அதைக் கவனித்தாய் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வரும்போது காரில், "என்னம்மா, சாப்பாடு பிடிக்கேல்லையோ?" என்று கேட்டாய். "தலையிடி" என்றேன். நெடுஞ்சாலையால் இங்கே சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டுக்கு வந்து சேரும்வரை நீயும் அப்பாவும் கல்யாண மண்டபத்தின் பூ அலங்காரத்தைப் பற்றிப் பேசினீர்கள். தலையிடி இல்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல இருபத்தைந்து வருடமாக எனக்கு வாய் வரவில்லை, அந்தக் காரிலும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன் ஒரு தாய் மகளுக்குப் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். இதில் புத்தி குறைவாகத்தான் இருக்கும். உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதையே நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு அப்போது எட்டு வயது. எனக்குத் தொழிற்சாலையில் காலை ஏழு மணி வேலை. பிஸ்கட் பெட்டிகளை அடுக்கி ஒட்டும் வேலை, உனக்குத் தெரியும். பஸ், பிறகு சப்வே, பிறகு நடை. எப்படி ஓடினாலும் ஐந்து மணிக்கு முன் வீட்டுக் கதவை அடைய முடியாது. காலையில் பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்குப் போகும் வழியில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிடுவார். உனக்குப் பள்ளிக்கூடம் மூன்றரைக்கு முடியும். இடையில் உள்ள ஒன்றரை மணித்தியாலத்துக்கு இந்தப் பதினாலாம் மாடியில் நீ தனியாக இருந்தாய். கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பை ஒரு கறுப்புச் சப்பாத்துக் கயிற்றில் கோத்து உன் கழுத்தில், சட்டைக்குள் போட்டுவிட்டேன். மூன்று சட்டங்கள் சொல்லித் தந்தேன். அடுப்பைத் தொடக்கூடாது. பால்கனிக் கதவைத் திறக்கக்கூடாது. ஆர் வந்து தட்டினாலும், பொலிஸ் வந்தாலும், கதவைத் திறக்கக்கூடாது. உள்ளே நின்றபடி, "அம்மா குளிக்கிறா, பிறகு வாங்கோ" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த ஆங்கில வசனத்தை நீதான் எனக்குச் சரியாகச் சொல்லிக் காட்டினாய். நான் தமிழில் சொன்னேன், நீ மொழிபெயர்த்தாய், உன்னை வைத்தே உன்னைப் பூட்டினேன்.

அந்த ரிவி நமக்கு முன் இந்த வீட்டில் இருந்தவர்கள் விட்டுப்போனது. அன்ரெனாவின் ஒரு கொம்பு முறிந்திருந்தது. ஏரியைப் பார்த்த வீடு என்பதால் ஏரியின் அக்கரையில் உள்ள அமெரிக்கச் சேனல் ஒன்று நன்றாகத் தெரிந்தது. அதில்தான் நாலு மணிக்கு உன்னுடைய நாய் வரும். ஒரு லீவு நாளில் நானும் உன்னோடு இருந்து பார்த்தேன். ஒரு சின்ன நாய், தலையில் இறகு வைத்த தொப்பி, இடுப்பில் வாள். குதிரைகளும் கோட்டையும். "இது என்ன பிள்ளை, நாய்க்கு உடுப்பு?" என்று கேட்டேன். "அம்மா, அது நாய் இல்லை, இப்ப அது ராசாவின்ர காவல்காரன்" என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மனம் ஆறுதல் அடைந்தது. சண்டை இல்லை, கெட்ட படம் இல்லை, ஒரு நாய்தானே. என் பிள்ளையோடு வீட்டில் ஒரு உயிர் இருக்கிறதுபோல எனக்குப் பட்டது. பெட்டி ஒட்டும்போது சுவர் மணிக்கூட்டில் நாலு ஆனதும், இப்ப நாய் வந்திருக்கும் என்று நினைப்பேன். அதற்குப் பிறகுதான் என் கை ஒழுங்காக வேலை செய்யும்.

நீ அந்தக் கதைகளை எனக்குச் சொல்ல ஆசைப்பட்டாய். இதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நான் குசினியில் நின்று வெங்காயம் வெட்ட, நீ ஒரு கதிரையை இழுத்து வந்து அதன்மேல் ஏறி நின்று, அன்றைய கதையைத் தொடங்குவாய். ஒருவனைச் செய்யாத குற்றத்துக்குப் பிடித்து ஒரு தீவில் அடைத்துவிட்டார்கள், அவன் கரண்டியால் சுவரைத் தோண்டுகிறான். இன்னொருவன் கப்பலில் போகிறான். ஒரு பெண்ணின் வீடு பெரியது, ஆனால் அதில் யாரோ அழுகிற சத்தம் கேட்கிறது. எல்லாவற்றிலும் நாய் வரும். நான் "ம்... ம்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். காலை நாலரைக்கு எழும்பிய உடம்பு. ஒரு நாள் நீ நிறுத்திவிட்டு, "அம்மா, நான் இப்ப என்ன சொன்னனான்?" என்று கேட்டாய். நான் முழித்தேன். "நாய்... தண்ணிக்குள்ள விழுந்திட்டுது" என்றேன். நீ கதிரையை விட்டு இறங்கினாய். "அது நேற்றையான் கதை" என்றாய். கோபப்படவில்லை. கதிரையைத் திரும்ப மேசையடியில் வைத்தாய். அதற்குப் பிறகு நீ கதை சொல்ல வரவில்லை. நானும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அமைதியாகச் சமைக்க முடிகிறதே என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து அது கதிரையில் ஏறி நின்றால், உன் காதில் எதுவும் ஏறாவிட்டாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதன் முகத்தைப் பார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

இனி நெருப்புப் பிடித்த நாள். நாம் இருவரும் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடப் பேசாத நாள்.

குளிர்காலம். வேலை முடிந்து வந்து தெரு முடக்கால் நான் திரும்பியபோது நம் கட்டடத்தின் முன் தீயணைப்பு வண்டிகள் நின்றன. பதினோராம் மாடியில் ஒரு குசினிக்குள் நெருப்பு. யன்னலால் கறுப்புப் புகை மேலே ஏறிக்கொண்டிருந்தது, நேராக நம் யன்னல் பக்கமாக. ஆட்கள் எல்லோரும் தெருவில், போர்வையோடு, செருப்போடு நின்றார்கள். மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நான் உன்னைக் கூட்டத்துக்குள் தேடினேன். உன் சிவப்பு ஜக்கெற்றைத் தேடினேன். இல்லை. நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் சொன்ன இடத்தில் இருப்பாய்.

நாடாவுக்குக் கீழே குனிந்து போனேன். ஒரு தீயணைப்பு வீரர் என்னை மறித்தார். நான் அதுவரை சேர்த்து வைத்திருந்த ஆங்கிலம் முழுவதும் என்னை விட்டுப் போய்விட்டது. "மை டோட்டர், ஃபோர்டீன், ஃபோர்டீன்" என்று கத்தினேன். அவர் என் தோளைத் தட்டி, பதினாலு வயதுப் பிள்ளை தானாகவே இறங்கியிருக்கும், கூட்டத்துக்குள் பாருங்கள் என்று கையைக் காட்டினார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு அந்தக் கையை வைத்துத்தான் விளங்கியது. "நோ, நோ, ஏய்ற்! ஏய்ற்!" என்றேன், எட்டு வயது என்று சொல்ல. அவர் அண்ணாந்து எட்டாம் மாடியைப் பார்த்தார். அங்கே புகை இல்லை. அவருடைய முகம் இளகியது. எட்டாம் மாடியில் எல்லோரையும் இறக்கிவிட்டோம் என்பதுபோலத் தலையாட்டினார். எனக்கு இரண்டு இலக்கம்தான் தெரிந்திருந்தது, பிள்ளை. இரண்டையும் சொல்லிவிட்டேன். இரண்டும் அவருக்குப் பிழையாகத்தான் போய்ச் சேர்ந்தன. நான் நிலத்தில் பனிக்குள் இருந்துவிட்டேன். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் மாடி புவனா அன்ரிதான் என்னைக் கண்டார். மட்டக்களப்பிலிருந்து நமக்கு வெகுகாலம் முன்பே வந்தவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். "என்னக்கா, ஏன் இப்படி இருக்கிறீங்க?" என்று என் கையைப் பிடித்துத் தூக்கினார். "பிள்ளை மேல, தனிய" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். தனியவா என்று அவருடைய கண் கேட்டது. பிறகு ஓடிப்போய் அந்த வீரரிடம் நான்கு வசனம் சொன்னார். இரண்டு பேர் படியால் மேலே ஓடினார்கள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். உன் ஒரு காலில் மட்டும் மேசு இருந்தது, மற்றக் கால் வெறுங்கால். நீ அழவில்லை. அவர் புவனா அன்ரியிடம் எதையோ சொல்லிச் சிரித்தார், பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்ரி எனக்குச் சொன்னார்: "நல்ல கெட்டிக்காரப் புள்ளையாம் அக்கா. கதவுக்குக் கீழே ஈரத் துவாய் வச்சிருக்காம். ஆனா இவர் தட்டத் தட்டக் கதவைத் திறக்கலயாம். அம்மா குளிக்கிறா, பிறகு வாங்க எண்டு சொல்லிச்சாம். கட்டடத்தைப் பாக்கிற சுப்பரின்ரென்டன்ற சாவியை எடுத்துத்தான் திறந்தவங்களாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா இங்கே தெருவில் நிற்கிறாள், கையில் சாப்பாட்டுப் பையோடு. அவர் உன்னை இறக்கி விட்டார். நீ என்னிடம் வந்தாய். நான் உன் கன்னத்தில் அடித்தேன்.

பயத்தில் அடித்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பாதிதான் உண்மை. பயம் நீ கண்ணில் பட்டவுடனேயே போய்விட்டது. நான் அடித்தது வெட்கத்தில். என் பொய் எல்லோருக்கும் முன்னால் உன் வாயால் வெளியே வந்துவிட்டது, அதற்காக அடித்தேன். நீ கன்னத்தைப் பிடிக்கவில்லை. "நீங்கள்தானே சொன்னனீங்கள், ஆர் தட்டினாலும் திறக்கக் கூடாதெண்டு" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். அதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. பதில் இதுதான்: ஓம், நான்தான் சொன்னனான். நீ பிழை ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த கிழமை பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியாது, யாரும் சொல்லியிருக்கலாம், அவ்வளவு பேர் முன்னால் நடந்தது. நல்ல முகம் உள்ள பெண். ஆனால் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டி வரவில்லை. அன்று புவனா அன்ரியும் வேலைக்குப் போயிருந்தார். அந்தப் பெண் உன்னைப் பார்த்து, நீ உதவி செய்வாயா என்று கேட்டார். நீ சரி என்றாய். அவர் வருவதற்கு முன்பே நான் உனக்குச் சொல்லித் தந்திருந்தேன்: "ஒவ்வொரு நாளும் புவனா அன்ரி வந்து பாக்கிறவ, அண்டைக்கு மட்டும் கடைக்குப் போட்டா எண்டு சொல்லு." நீ கேட்டாய், "அது பொய்யெல்லோ?" "ஓம். சொல்லு" என்றேன். "சொல்லாட்டி?" "உன்னை என்னட்டையிருந்து கூட்டிக்கொண்டு போடுவினம்." ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக் கூடாத வசனம் ஒன்று இந்த உலகத்தில் இருந்தால் அது அதுதான்.

இந்த மேசையில்தான் மூவரும் இருந்தோம். அவர் கேட்க, நீ எனக்குத் தமிழில் சொல்ல, நான் பொய்யைச் சொல்ல, நீ அதை ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னாய். தடுமாறவே இல்லை. பிறகு அவர் பேனாவை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார். நீ என் பக்கம் திரும்பி, "அம்மா, எனக்குக் குளிருக்குப் போட உடுப்பு காணுமோ, போதுமான அளவு இருக்கோ எண்டு கேக்கிறா" என்றாய்.

அவர் அதைக் கேட்கவில்லை, பிள்ளை. எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நீ நினைத்தாய். ஆனால் அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி பின்னால் வரும்போது எல்லோரும் "டோன்ற் ஹிற்", அடிக்காதே, என்று கத்துவோம். அந்தப் பெண்ணின் கேள்விக்குள் "ஹிற்" இருந்தது, "மதர்" இருந்தது. அம்மா உன்னை முன்பும் அடித்திருக்கிறாவா என்றுதான் கேட்டார். நீ அதை எனக்குத் தராமல் உனக்குள்ளேயே வைத்துக்கொண்டாய். எனக்கு வேறு கேள்வி ஒன்று செய்து தந்தாய், நான் தலைநிமிர்ந்து பதில் சொல்லக்கூடிய கேள்வி. நான் என்ன செய்தேன்? "ஓம், காணும், புது ஜக்கெற் வாங்கினனாங்கள் எண்டு சொல்லு" என்றேன். தெரியாததுபோல இருந்தேன். நீ அவர் பக்கம் திரும்பி, நீளமாக ஆங்கிலத்தில் பேசினாய். கையை எல்லாம் ஆட்டிப் பேசினாய். ஜக்கெற்றைப் பற்றி அவ்வளவு பேச முடியாது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் சிரித்தார், உன் தலையைத் தடவினார், எழுந்து போனார். பிறகு ஒரு கடிதம் மட்டும் வந்தது, பிள்ளையைத் தனியாக விடக்கூடாது என்று. அதையும் நீதான் வாசித்துச் சொன்னாய்.

அன்று நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது என்பதும் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. நீ என்னைக் காப்பாற்றினாய், நான் உன்னைக் காப்பாற்ற விட்டேன், இருவரும் அதைப் பற்றிப் பேசாமலே நீ வக்கீலாகி, இப்போது கல்யாணமும் கட்டப் போகிறாய். நாளைக்கு உனக்கு என்ன இடைஞ்சல் வந்தாலும் உன் பிள்ளையின் வாயை உனக்காகப் பேச வைக்காதே. அது பேசும். நன்றாகவே பேசும். அதுதான் பயம்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் நீ புவனா அன்ரி வீட்டுக்குப் போனாய். அங்கே அவருடைய மாமனார் பின்னேரம் முழுவதும் தமிழ்ப் பட வீடியோக் கொப்பி போட்டுப் பார்ப்பார். நாலு மணி நாயை அதோடு நீ விட்டுவிட்டாய். "உன்ர நாய்ப் படம் இப்ப பாக்கிறேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். "அது சின்னப்பிள்ளைகளுக்கு, அம்மா" என்றாய். உனக்கு ஒன்பது வயதுகூட முடியவில்லை.

அஜக்ஸிலிருந்து வந்த மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: நாய், பழைய கதை, பிள்ளைகளின் தொடர். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இணையத்தில் சில பகுதிகள் இருப்பதாகச் சொல்லி, என் தொலைபேசியில் எடுத்துத் தந்து, வீட்டு ரிவியில் எப்படிப் போடுவது என்றும் காட்டினார். இந்தக் கிழமை முழுவதும் அப்பா நடக்கப் போகும் நேரத்தில் அதைத்தான் பார்க்கிறேன். இப்போது எனக்குப் பாதிக்கு மேல் விளங்குகிறது. நல்ல தொடர், பிள்ளை. நீ நல்ல ஒன்றைத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறாய். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஒன்று மட்டும் நான் முன்பு அறியாதது. அந்த நாய் கதைகளுக்குள் போகாத நேரத்தில் ஒரு சாதாரண வீட்டில் ஒரு தாயோடும் பிள்ளையோடும் இருக்கிறது. அங்கேயும் அது பேசிக்கொண்டே இருக்கிறது. பசிக்கிறது என்கிறது, பயம் என்கிறது, அதைச் செய்யாதே, ஆபத்து என்கிறது. ஆனால் வீட்டில் உள்ள ஒருவருக்கும் அது கேட்பதில்லை. தலையைத் தடவிவிட்டு, சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்கிற பிள்ளைக்கு மட்டும்தான் கேட்கும். நீ ஏன் அதன் முன்னால் அப்படி அசையாமல் இருந்தாய் என்று எனக்கு இந்தக் கிழமைதான் தெரிந்தது. தெரிந்து என்ன, அந்த எட்டு வயதுக்காரியிடம் நான் திரும்பிப் போக வழியில்லை. மன்னிப்புக் கேட்டால் நீ, "அம்மா, அதெல்லாம் பழைய கதை, விடுங்கோ" என்று என்னைத் தேற்றத் தொடங்குவாய். திரும்பவும் நீதான் என்னைத் தேற்ற வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். ரிவி போய்க்கொண்டிருந்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன். இன்று சொல்லிவிடலாம் என்று முதல் வசனத்தை மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். நீ அவசரத்தில் இருந்தாய். "அம்மா, ரிசெப்ஷன் புரோகிராம் பிறின்ற் பண்ணக் குடுக்கவேணும். அப்பா ஸ்பீச் சொல்லுறார். நீங்களும் ஏதும் பேசுறீங்களோ?"

"நான் என்னத்தைப் பேசுறது, பிள்ளை..." என்றேன். அது என் பதில் இல்லை. தொடக்கம்தான். அடுத்ததைச் சொல்ல மூச்செடுத்தேன்.

"சரி, அப்ப அப்பா மட்டும் எண்டு போடுறன்" என்றாய். பிறகு வாசலில் நின்று வரவேற்பது யார் என்று கேட்டாய். நான் இரண்டு பேருடைய பெயரைச் சொன்னேன். நீ எழுதிக்கொண்டாய்.

அம்மா